தமிழ் இணையதளத்துக்கு ஒழுங்கான எச்டிஎம்எல்: நெல்லைச் சீமையில் தளம் செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

பத்தமடைப் பாய் விற்கும் கடை ஒன்றுக்குத் தளம் செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடை அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்புவார்: டிடிபி சென்டரில் அடித்த ஃப்ளெக்ஸ் பேனர், விலைப்பட்டியலின் போட்டோ, கடை போர்டு, விசிட்டிங் கார்டு. "இத அப்படியே ஏத்திருங்க தம்பி" என்பார். அப்படியே ஏற்றினால் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் 'பாய்' என்ற சொல்கூட எழுத்தாக இருக்காது. தேடுகிறவர் கையில் சிக்காது, போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது, சின்னத் திரையில் விலையைப் படிக்க விரலால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவருக்கு அது வெற்றுப் பக்கம். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. அப்படிப்பட்ட வாசகர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வேலையைப் பற்றியது: பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் என்ன என்பதை எச்டிஎம்எல்லில் சரியாகச் சொல்வது. தலைப்பைத் தலைப்பு என்றும், பட்டியலைப் பட்டியல் என்றும், பொத்தானைப் பொத்தான் என்றும் சொல்ல வேண்டும். நிறமும் அளவும் இடமும் சிஎஸ்எஸ்ஸின் பொறுப்பு. இந்தப் பிரிவினை சரியாக இருந்தால் மற்ற பாதி வேலையை பிரவுசரே செய்துவிடும்.

தரம் என்பது யாருடையது?

இணையவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994-இல் தொடங்கிய டபிள்யூ3சி அமைப்பும், 2004-இல் பிரவுசர் நிறுவனத்தார் கூடி அமைத்த டபிள்யூஎச்ஏடிடபிள்யூஜி குழுவும் வெகுகாலம் தனித்தனியே எச்டிஎம்எல் தரத்தை (எப்படி எழுத வேண்டும் என்ற பொது விதிமுறையை) எழுதிவந்தன. 2019-இல் உடன்பாட்டுக்கு வந்தன. இப்போது எச்டிஎம்எல்லுக்கு ஒரே தரம்தான். அது பதிப்பு எண் இல்லாமல் தொடர்ந்து திருத்தப்படும் ஆவணம். எல்லோரும் பயன்படுத்தக்கூடிய தளத்துக்கான விதிகள் டபிள்யூசிஏஜி என்ற பெயரில் டபிள்யூ3சி வெளியிடுபவை, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. இந்திய அரசுத் தளங்களுக்கான விதித்தொகுப்பு ஜிஐஜிடபிள்யூ 3.0, டபிள்யூசிஏஜி 2.1-இன் 'ஏஏ' என்ற நடு நிலையைக் கேட்கிறது. அரசு டெண்டர் எடுக்கிறவர்கள் அதைத் தனியாக வாசித்துவிட வேண்டும்.

எழுத்தைத் திரட்டுதல்: பாமினியிலிருந்து யூனிகோடுக்கு

கோடு எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலை இது. அவசரத்தில் பலரும் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். நம் பக்கத்து டிடிபி சென்டர்களில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் நிறைய அடிக்கப்படுகின்றன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகக் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். தேடலுக்கும் திரைவாசிப்பானுக்கும் அது தமிழே இல்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுமுறைதான் யூனிகோடு.

ஆகவே டிடிபி சென்டரில் படத்தை வாங்காமல் மூலக் கோப்பை வாங்குங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பழைய எழுத்துருவுக்கும் விசை அமைப்பு வேறு. தவறான அமைப்பைத் தேர்ந்தால் மாற்றி வருவது குப்பையாக இருக்கும். பழைய எழுத்தை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்த பிறகு மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள்.

முதலாவது, கொம்பு. பழைய எழுத்துருவில் பார்வை வரிசைப்படி கொம்பை முன்னால் அடித்துவிட்டு மெய்யைப் பின்னால் அடிப்பார்கள். யூனிகோடில் மெய் முன்னே, கொம்பு பின்னே. மோசமான மாற்றி இதைத் திருப்பாமல் விட்டுவிடும். கொம்பு தனியாகப் புள்ளிவட்டத்தோடு நிற்கும். இரண்டாவது, நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள். மாற்றி அவற்றையும் தமிழ் என்று எண்ணிச் சிதைத்திருக்கும். மின்னஞ்சல் முகவரிதான் முதலில் பலியாகும். மூன்றாவது, 'ஔ' வரிசை. 'கௌ' என்பதைக் கொம்பு, க, ள என்று அடித்திருந்தால் யூனிகோடில் 'கெள' என்று வரும். பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கணினிக்கு வேறு சொல்.

வேர்டு கோப்பிலிருந்து ஒட்டும்போது கண்ட்ரோல்-ஷிஃப்ட்-வி அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். இல்லையென்றால் எழுத்துரு, நிறம், அளவு எல்லாம் ஸ்பேன் டேக்குகளாகக் கூடவே வந்து சேரும் (டேக் என்பது ஒரு பகுதி இன்னது என்று எச்டிஎம்எல்லில் குறிக்கும் அடையாளம்).

எலும்புக்கூடு

முதல் வரி டாக்டைப், அதாவது இது எச்டிஎம்எல் பக்கம் என்ற அறிவிப்பு. அதை விட்டுவிட்டால் பிரவுசர் பழைய காலத் தளங்களுக்கான பொறுத்துப்போகும் முறைக்கு மாறிவிடும். அந்த முறையில், பக்கத்தில் தெரியும் எல்லாவற்றையும் தாங்கும் பாடி டேக்குக்குக் கொடுத்த எழுத்தளவும் நிறமும் டேபிளுக்குள் இறங்காது. "விலைப்பட்டியல் மட்டும் ஏன் வேற மாதிரி தெரியுது" என்று ஒரு மணி நேரம் சிஎஸ்எஸ்ஸில் தேடுகிறவர்கள் முதல் வரியைப் பார்த்தால் போதும்.

அடுத்தது எச்டிஎம்எல் டேக்கின் லேங் பண்பு (பண்பு என்பது டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரம்; இது மொழியைச் சொல்வது). தமிழுக்கு 'டி-ஏ' என்ற இரண்டு சிறிய எழுத்து. டெம்ப்ளேட்டை இறக்கி வேலை செய்கிறவர்கள் அதில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலக் குறியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தமிழ்த் தளங்களில் இந்தப் பிழையை அடிக்கடி காணலாம். திரைவாசிப்பான் இந்தப் பண்பைப் பார்த்துத்தான் குரலைத் தேர்கிறது. ஆங்கிலம் என்று எழுதியிருந்தால் ஆங்கிலக் குரல் தமிழ்ப் பத்தியை வாயில் எடுக்கும். படிக்கத் தெரியாமல் தாண்டிப் போகும், அல்லது எழுத்தெழுத்தாகப் பெயர் சொல்லும். ஒரே ஒரு பண்பைத் திருத்தினால் பக்கம் முழுவதும் தமிழில் பேசும். பக்கத்தின் நடுவில் ஆங்கில வாக்கியம் ஒன்று வந்தால் அதைச் சுற்றியுள்ள டேக்குக்கு மட்டும் ஆங்கில லேங் கொடுங்கள். ஒற்றைச் சொல்லுக்கெல்லாம் வேண்டாம்; குரல் மாறி மாறி ஒலித்துக் கேட்பவரைக் களைக்க வைக்கும்.

எழுத்துகளை எந்தக் குறியீட்டு முறையில் சேமித்தோம் என்று சொல்லும் சார்செட் அறிவிப்பு யுடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும், கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும். ஹெட் பகுதியின் முதல் வரியாக வைத்துவிட்டால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கோப்பைச் சேமிக்கும் எடிட்டரும் டேட்டாபேசும் அதே முறையில் இருக்கட்டும். பக்கத்தில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் பெரும்பாலும் டேட்டாபேஸ் பழைய லத்தீன் முறையில் அமைந்திருக்கும். அப்படிச் சேமித்த எழுத்து போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. அதனால் ஒரு வரி தமிழைச் சேமித்து, திரும்ப எடுத்துப் பார்த்த பிறகே உள்ளடக்கத்தை ஏற்றத் தொடங்குங்கள்.

பக்கத்தைத் திரையின் அளவுக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரியில் கருவியின் அகலம், தொடக்க அளவு 1 இரண்டு மட்டும் போதும். பெரிதாக்குவதைத் தடுக்கும் பண்பை எடுத்துவிடுங்கள். வயதானவர்கள் இரண்டு விரலால் விரித்துத்தான் படிக்கிறார்கள். டைட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறாக இருக்கட்டும், தனிச் செய்தி முன்னால் வரட்டும்: 'கல்யாணப் பாய் – கடைப் பெயர், பத்தமடை'.

பகுதிகளும் தலைப்புகளும்

மேலே ஹெடர், அதற்குள் மெனுவுக்கு நேவ், நடுவே மெயின், கீழே ஃபுட்டர். மெயின் ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் டிவ் (எதையும் குறிக்காத வெறும் பெட்டி) ஆக்கி வகுப்புப் பெயரில் 'ஹெடர்' என்று எழுதினால் அந்தப் பெயர் உங்களுக்கு மட்டுமே புரியும். பாடியின் முதல் உறுப்பாக 'நேரடியாக உள்ளடக்கத்துக்கு' என்ற இணைப்பை வையுங்கள். விசைப்பலகை மட்டும் வைத்து வருகிறவர் பக்கத்துக்குப் பக்கம் இருபது மெனு இணைப்பைத் தாண்ட வேண்டியிருக்காது.

எச்1, எச்2, எச்3 என்று படிப்படியாக இறங்கும் தலைப்பு டேக்குகளை அளவுக்காகத் தேர்வது பரவலான தவறு. எச்2 பெரிதாகத் தெரிகிறது என்று எச்4 போடுவது, போல்டு பத்தியைத் தலைப்பாக நிறுத்துவது, கடையின் தொலைபேசி எண்ணை எச்3 ஆக்குவது எல்லாம் தினமும் பார்க்கக் கிடைக்கும். என்விடிஏ திரைவாசிப்பானில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். கண்ணால் பார்க்கிறவர் பக்கத்தை மேலோட்டமாக மேய்வதற்கு இது ஈடு. தலைப்பு வரிசை பொருளடக்கம் மாதிரி இருக்க வேண்டும். நம் பாய்க் கடைப் பக்கத்துக்கு இப்படி:

எச்1: பத்தமடைப் பாய்கள்
எச்2: படுக்கைப் பாய்
எச்3: அளவுகள்
எச்3: பராமரிப்பு
எச்2: கல்யாணப் பாய்
எச்3: பெயர் நெய்து தருவது
எச்2: ஆர்டர் செய்ய

இந்த ஏழு வரியை மட்டும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தால் அமைப்பு சரி. படிநிலையில் எச்2-க்குக் கீழ் நேரே எச்4 வரக்கூடாது. வடிவமைப்பாளர் சின்னத் தலைப்பு கேட்டால் சிஎஸ்எஸ்ஸில் சின்னதாக்குங்கள்.

படம், அட்டவணை, தேதி

படத்துக்கு ஆல்ட் (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான மாற்று எழுத்து) எழுதும்போது அந்தப் படம் அங்கே எதற்கு இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'படம் 3', 'பாய்' இரண்டும் பயனற்றவை. 'சிவப்பும் பச்சையும் கரையாக ஓடும் கோரைப் பாய், நடுவில் மணமக்கள் பெயர் நெய்தது' என்றால் வாங்குகிறவருக்குச் செய்தி. அலங்காரக் கோலம், பின்னணிப் பூ இவற்றுக்கு ஆல்ட் பண்பை வெறுமையாக விடுங்கள். ஆனால் பண்பையே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரைப் படிக்கத் தொடங்கும். வாட்ஸ்அப் படத்தின் கோப்புப் பெயர் எத்தனை எண் நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும். படத்தின் அகலமும் உயரமும் டேக்கிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது கீழே இருப்பதெல்லாம் குதிக்கும். ஒன்றைத் தொடப் போய் வேறொன்றைத் தொட்டுவிடுவார்கள்.

விலைப்பட்டியலுக்கு டேபிள்தான் சரியான இடம். பக்கத்தை அடுக்குவதற்கு டேபிள் கூடாது என்ற பழைய அறிவுரையைக் கேட்டுவிட்டு உண்மையான அட்டவணையையும் டிவ்களால் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாத உழைப்பு. கேப்ஷனில் 'படுக்கைப் பாய்: அளவும் விலையும்' என்று எழுதுங்கள். மேல் வரிசையில் 'அளவு', 'பாவு நூல்', 'விலை' ஆகியவை டிஎச் (தலைப்புக் கட்டம்); அது எதற்குத் தலைப்பு என்று சொல்லும் ஸ்கோப் பண்பின் மதிப்பு நெடுவரிசை. ஒவ்வொரு வரியின் முதல் கட்டமான '6 அடி × 3 அடி' என்பதும் டிஎச், ஸ்கோப் மதிப்பு கிடைவரிசை. இப்படி இருந்தால் திரைவாசிப்பானில் மூன்றாம் கட்டத்துக்கு வந்தவருக்கு வெறும் எண்ணாக ஒலிக்காமல் 'விலை' என்ற தலைப்போடு சேர்ந்து ஒலிக்கும். கட்டங்களை ஒன்றிணைப்பதைத் தவிருங்கள். ஒரே அட்டவணையில் இரண்டு வகைப் பாயையும் திணிப்பதைவிட இரண்டு அட்டவணை நல்லது.

சின்னத் திரையில் டேபிள் வெளியே நீண்டால் அதைச் சுற்றி ஒரு டிவ் போட்டு அந்த டிவ்வுக்குப் பக்கவாட்டு உருளலைக் கொடுங்கள். டேபிளின் டிஸ்ப்ளே மதிப்பையே பிளாக் என்று மாற்றினால் சில பிரவுசர்களில் அது அட்டவணை என்ற தகவலே தொலைந்துவிடும்.

அண்ணாச்சி 'ஆனித் தேரோட்டத்துக்குக் கடை லீவு' என்று போடச் சொல்வார். நெல்லையப்பர் தேர் எப்போது என்று ஊர்க்காரருக்குத் தெரியும். வெளியூர் வாடிக்கையாளருக்குத் தெரியாது, இயந்திரத்துக்கும் தெரியாது. டைம் டேக்கில் தமிழ்த் தேதியை எழுத்தாக வைத்து, டேட்டைம் பண்பில் ஆங்கிலத் தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், மாதத்துக்கும் நாளுக்கும் இரண்டிரண்டு இலக்கமாகக் கொடுங்கள்.

பொத்தானும் இணைப்பும்

வேறு இடத்துக்குக் கொண்டுபோவது இணைப்பு. இருந்த இடத்தில் ஒரு செயல் நடப்பது பொத்தான். மெனு திறப்பது, கூடையில் சேர்ப்பது எல்லாம் பட்டன் டேக். டிவ்வுக்கு ஆன்கிளிக் கொடுத்தால் மவுசில் வேலை செய்யும். டேப் விசையில் அங்கே போகவே முடியாது. அதைச் சரிசெய்ய டேப்இண்டெக்ஸ், ரோல், என்டர் விசைக்கு ஒரு கட்டளை, ஸ்பேஸ் விசைக்கு ஒன்று என்று நாலு வேலை சேர்க்க வேண்டும். பட்டன் டேக்கில் இவை எல்லாம் கூடவே வருகின்றன. ஃபார்முக்குள் வைக்கும் சாதாரணப் பொத்தானுக்கு டைப் மதிப்பு 'பட்டன்' என்று எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் அது சப்மிட் ஆக நடந்து ஃபார்மை அனுப்பிவிடும்.

'இங்கே சொடுக்கவும்' என்ற இணைப்பு வேண்டாம். இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துப் பார்க்கிறவருக்குப் பத்து 'இங்கே' கிடைக்கும். 'கல்யாணப் பாய் மாதிரிகளைப் பார்க்க' என்றால் அது தானே பேசும்.

தொலைபேசி எண்ணை அழைப்பு இணைப்பாக்கும்போது நாட்டுக் குறியோடு எழுதுங்கள். திருநெல்வேலியின் எஸ்டிடி குறி 0462. இணைப்புக்குள் கூட்டல் குறி, 91, 462 என்று வர வேண்டும்; முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்துவிட வேண்டும். திரையில் தெரியும் எழுத்தில் 0462 என்றே இருக்கலாம். பூஜ்யத்தையும் சேர்த்துப் போட்டால் அழைப்பு போகாது. துபாயிலிருந்து அழைக்கிற நம்மூர்க்காரர் எண் தவறு என்று நினைத்து விட்டுவிடுவார்.

ஆர்டர் ஃபார்ம்: சுடலைமுத்துவின் கடைசி எழுத்து

ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் வேண்டும். லேபிளின் ஃபார் பண்பும் இன்புட்டின் ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டர் எழுத்து லேபிளுக்கு மாற்று ஆகாது. தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். பாதியில் போன் வந்து எடுத்துவிட்டுத் திரும்புகிறவருக்கு எந்தப் பெட்டியில் எதை எழுதினோம் என்று தெரியாது.

பெயருக்கு 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு பெட்டி வைப்பது நம் ஆட்களுக்குப் பொருந்தாது. இனிஷியலும் பெயரும் சேர்ந்த ஒரே பெட்டி போதும். ஆங்கில எழுத்து மட்டுமே ஏற்கும் சரிபார்ப்பை நீக்குங்கள். தமிழில் பெயர் எழுதுகிறவரை 'தவறான பெயர்' என்று அது திருப்பி அனுப்பும்.

பெட்டியில் எத்தனை எழுத்து வரை என்று வரம்பிடும் மேக்ஸ்லெங்த் பண்பில் தமிழுக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. அது நாம் எண்ணுவது போல எழுத்தை எண்ணாது. உள்ளே இருக்கும் குறியீடுகளை எண்ணும். 'சுடலைமுத்து' நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கு ச, உகரக் குறி, ட, ல, ஐகாரக் குறி, ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி என்று பதினொன்று. கல்யாணப் பாயில் நெய்ய வேண்டிய பெயருக்கு 10 என்று வரம்பு வைத்த ஃபார்மில் அது 'சுடலைமுத்த' என்று நின்றுவிடும். பெட்டி எந்த எச்சரிக்கையும் காட்டாது. அடுத்த விசையை வாங்காது, அவ்வளவுதான். தறிக்குப் போகும் சீட்டில் அந்தக் குறைப்பெயர்தான் இருக்கும். 'திருநெல்வேலி'யும் இப்படித்தான்: ஆறு எழுத்து, பன்னிரண்டு குறியீடு, யுடிஎஃப்-8-இல் 36 பைட்டு. பாயில் உண்மையிலேயே இடம் அளவானது என்றால் மேக்ஸ்லெங்த்தைத் தாராளமாக 60 என்று வைத்துவிட்டு, ஜாவாஸ்கிரிப்டின் 'Intl.Segmenter' என்ற வசதியைக் கொண்டு கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணி, மிஞ்சினால் செய்தி காட்டுங்கள்.

பின்கோடுக்கு எண் வகை இன்புட் வேண்டாம். மவுஸ் சக்கரம் உருண்டால் 627-இல் தொடங்கும் எண்கூட மாறிப்போகும். எழுத்து வகை இன்புட், இன்புட்மோடு மதிப்பு நியூமரிக், ஆறு இலக்கம் என்ற பேட்டர்ன் போதும். பெயர், போன், முகவரிப் பெட்டிகளுக்கு ஆட்டோகம்ப்ளீட் மதிப்புகளைக் கொடுத்தால் போன் தானே நிரப்பித் தரும்.

பிழைச் செய்தியைச் சிவப்பு நிறத்தால் மட்டும் சொல்லாதீர்கள். 'பின்கோடு ஆறு இலக்கம் இருக்க வேண்டும்' என்று பெட்டிக்கு அடியிலேயே எழுதி, ஏரியா-டிஸ்க்ரைப்டுபை பண்பால் பெட்டியோடு இணையுங்கள். திரைவாசிப்பான் போன்றவற்றுக்குக் கூடுதல் விவரம் சொல்லும் ஏரியா பண்புகளில் இந்த அளவு போதும். சாதாரண டேக் செய்யக்கூடிய வேலைக்கு ஏரியாவைத் தொடக்கூடாது என்பதுதான் ஏரியாவின் முதல் விதியே.

தமிழுக்கான சிஎஸ்எஸ்

கொம்பும் சுழியும் மேலும் கீழும் ஓடும் எழுத்து நம்முடையது. வரி உயரம் 1.6-க்குக் குறைந்தால் மேல் வரியின் உகரமும் கீழ் வரியின் இகரமும் இடிக்கும். 1.7 எங்கள் பரிந்துரை. சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லை. பிரவுசர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டுவது படிக்கச் சிரமம். எம்ஃபசிஸ் டேக்கை வைத்துக்கொண்டு அதன் தோற்றத்தை அடர்த்தியாக மாற்றிவிடலாம். வெப் எழுத்துருவில் போல்டு கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள், இல்லையென்றால் செயற்கையாகத் தடித்த எழுத்தில் சுழிகள் அடைபடும். கோப்பு வோஃப்2 வடிவில், ஃபான்ட்-டிஸ்ப்ளே ஸ்வாப் மதிப்போடு இருக்கட்டும்.

தமிழ்ச் சொல் நீளமானது. 'பாளையங்கோட்டையிலிருந்து' என்பதைப் பெரிய எழுத்தில் சின்னத் திரையில் போட்டால் வெளியே தள்ளும். இதற்கு வேர்டு-பிரேக் பண்பில் பிரேக்-ஆல் போடாதீர்கள்; எல்லாச் சொல்லையும் கண்ட இடத்தில் வெட்டும். ஓவர்ஃப்ளோ-ரேப் பண்பில் பிரேக்-வேர்டு போட்டால் இடம் போதாதபோது மட்டும் வெட்டும். இரு ஓரமும் சமன்படுத்தும் அமைப்பும் வேண்டாம், நீளச் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும்.

நிறத்தில் பேனர் பழக்கம் தளத்துக்குள் வந்துவிடுகிறது. மஞ்சள் மேல் பளிச்சென்ற சிவப்பு அண்ணாச்சிக்குப் பிடிக்கும். முழு மஞ்சளுக்கும் முழுச் சிவப்புக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டு விகிதம் ஏறக்குறைய 3.7. சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும், பெரிய தலைப்புக்கு 3 போதும். அதே மஞ்சளில் அடர் சிவப்பைப் போட்டால் விகிதம் 9-ஐத் தாண்டும். கடையின் நிறமும் காப்பாற்றப்படும், பத்தியும் படிக்க வரும்.

தேடுபெட்டி

'கோவில்பட்டி' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை, ஆனால் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறது. இதற்குக் காரணம் 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்க முடிவது. க-வோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது க-வோடு ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் வழியே என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் இரண்டும் ஒரே குறியீடாகும். 'கௌ'வும் 'கெள'வும் இதில் சேராது. அங்கே இருப்பது உண்மையிலேயே 'ள' என்பதால் கையால்தான் திருத்த வேண்டும். ஒட்டிய எழுத்தில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புநீக்கிக் குறி ஒளிந்திருப்பதும் உண்டு, அதையும் நீக்குங்கள்.

சோதனை

முதலில் டபிள்யூ3சியின் சரிபார்ப்பியில் பக்கத்தைப் போடுங்கள். அதிகம் சிக்குவன: பத்திக்கான பி டேக்குக்குள் டிவ் (பிரவுசர் பி-யை அங்கேயே மூடிவிடும், சிஎஸ்எஸ் பாதியில் நின்றுபோகும்), ஒரே ஐடி இரண்டு இடத்தில், யுஎல் பட்டியலுக்கு நேர் கீழே எல்ஐ உருப்படி அல்லாதது, இணைப்புக்குள் பொத்தான். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். மூடாத ஒரு டேக் கீழே பத்துப் பிழையைக் காட்டும்.

அடுத்து மவுசை எடுத்துவைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் ஒரு பாயை ஆர்டர் செய்து முடியுங்கள். எங்கே நிற்கிறோம் என்ற வெளிக்கோடு எப்போதும் தெரிய வேண்டும். அழகைக் கெடுக்கிறது என்று அதை நீக்கியிருந்தால் திரும்பக் கொண்டுவாருங்கள். பிறகு 1280 பிக்சல் அகல ஜன்னலில் 400 சதவீதம் பெரிதாக்குங்கள். அது 320 பிக்சல் திரைக்குச் சமம். எழுத்தைப் படிக்கப் பக்கவாட்டில் இழுக்க வேண்டியிருக்கக் கூடாது. ஃபயர்பாக்ஸின் பக்கப் பாணி மெனுவில் சிஎஸ்எஸ்ஸை அணைத்தும் ஒருமுறை படியுங்கள். வெறும் எழுத்தாகத் தெரியும் அந்தப் பக்கத்தில் வரிசை சரியாக இருந்தால் அடித்தளம் நன்றாக இருக்கிறது.

கடைசியாக, காதால். விண்டோசில் என்விடிஏ இலவசம்; அதோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. ஆண்ட்ராய்டில் டாக்பேக் போனிலேயே இருக்கிறது. திரையை அணைத்துவிட்டு விலையைக் கண்டுபிடித்துப் பாருங்கள். தானியங்கிக் கருவிகள் ஆல்ட் இருக்கிறதா என்று சொல்லும், அந்த ஆல்ட் பொருத்தமா என்று சொல்லாது. முடிந்தால் திரைவாசிப்பானைத் தினமும் பயன்படுத்தும் ஒருவருக்குக் கூலி கொடுத்து அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள், அது நிபுணத்துவம்.

ஏற்றுக்கொள்ள வைப்பது

கடைக்காரரிடம் டபிள்யூசிஏஜி என்று பேசிப் பயனில்லை. அவருடைய போனையே வாங்கி, போட்டோவாக ஏற்றிய விலைப்பட்டியலையும் டேபிளாக எழுதியதையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். எண்ணைத் தொட்டதும் அழைப்பு போவதைக் காட்டுங்கள். விலை மாறினால் டிடிபி சென்டருக்குப் போகாமல் கடையில் உட்கார்ந்தே ஓர் எண்ணை மாற்றலாம் என்பதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்காருவார்.

கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்: எழுத்தெல்லாம் யூனிகோடு, சரிபார்ப்பியில் பிழை இல்லாமை, விசைப்பலகையில் முழு ஆர்டரும் முடிதல், எல்லாப் படத்துக்கும் ஆல்ட். யூனிகோடு மாற்றத்துக்குத் தனி வரியும் தனித் தொகையும் வையுங்கள். இலவசமாகச் சேர்த்தால் அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

ஒப்படைத்த பிறகு தளத்தைக் கையாளப்போவது கடையில் கணக்கு எழுதும் பிள்ளை. எடிட்டரில் நிறம், எழுத்துரு, அளவு பொத்தான்களை எடுத்துவிடுங்கள். தலைப்பு எச்2-இலிருந்து தொடங்கட்டும். ஆல்ட் எழுதாமலோ, அலங்காரப் படம் என்று குறிக்காமலோ படம் சேமிக்க முடியாதபடி அமையுங்கள். திருவிழாத் தள்ளுபடிக்கு மறுபடியும் பேனர் படம்தான் வரும். அதை மறுக்க வேண்டாம்; படத்துக்குக் கீழே கட்டாயப் பெட்டி ஒன்று வைத்து, பேனரில் உள்ள வாசகத்தை அதில் தட்டினால்தான் வெளியிட முடியும் என்று செய்துவிடுங்கள். தள்ளுபடி எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை, எந்தக் கடையில் என்ற மூன்று வரி அங்கே எழுத்தாக இருந்தால் போதும்.